சீறல் நின்ற பிறகு: கோண்டாவில் வீடொன்றில் ஒரு பழைய லீவர் கோப்பி இயந்திரம்

பின்னணி

இந்தக் குறிப்பில் மூன்று பேர் வருகிறோம். வீட்டுக்காரர் நாற்பதைத் தாண்டிய அரச உத்தியோகத்தர். குறடும் சாவியும் பிடித்துப் பழகியவர் அல்ல, ஆனால் ஒரு விடயத்தில் ஆசை வந்துவிட்டால் விடமாட்டார். இரண்டாவது ஆள் நான். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறேன், மின் வேலை பார்க்கிறேன். மூன்றாவது, லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஐயா. வயது எழுபதுக்கு மேல். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்தவர்களில் ஒருவர். பழுதான ஒன்றைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வராது. அது இந்தக் கதையில் நல்லதாகவும் அமைந்தது, இரண்டு இடத்தில் இடைஞ்சலாகவும் இருந்தது.

வீட்டுக்காரர் சுவிற்சர்லாந்தில் இருக்கும் அக்காவிடம் போனபோது, அங்கே யாரோ ஒருவர் வீட்டில் கையால் லீவரை அழுத்தி வடித்துக் கொடுத்த எஸ்பிரெஸ்ஸோவை, அதாவது அழுத்தத்தில் பிழிந்த கெட்டிக் கோப்பியை, குடித்திருக்கிறார். திரும்பி வந்த நாளிலிருந்து அதே பேச்சு. பம்ப் வைத்த புது இயந்திரம் கொழும்பில் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, அது பொத்தான் அமத்துறது. எனக்கு அது வேண்டாம்" என்றார்.

லீவர் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் பழுதுகள் அப்போதுதான் விளங்கும். ஒரு சின்னப் பித்தளைக் கொதிகலன், அதற்குள் ஹீட்டர். கொதிகலனுக்கு முன்னால் ஒரு தலைப்பகுதி, அதற்குள் பிஸ்ரன். லீவரைத் தூக்கினால் பிஸ்ரன் மேலே போய் நீர்த் துவாரத்தைத் திறக்கும். கொதிகலனின் நீராவி அழுத்தமே வெந்நீரைக் கோப்பித்தூளின் மேல் தள்ளிவிடும். சில விநாடி ஊறவிட்டு லீவரைக் கீழே அழுத்தினால், பிஸ்ரன் அந்த நீரைத் தூளுக்குள்ளால் பிழிந்து எடுக்கும். கொதிகலனுக்குள் இருப்பது ஒரு பாருக்கும் குறைந்த அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தின் அளவு, ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). தூளின் மேல் வேண்டியதோ 9 பார் அளவு. அந்த மிச்சத்தைத் தருவது கைதான். பிஸ்ரனின் விட்டம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், அதன் மேல் 170, 180 கிலோ பாரம் வரும். லீவரின் நீளம் அதைக் கைக்குத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்துவிடுகிறது.

மிலானில் அக்கிலே கஜ்ஜியா என்பவர் சுருள்வில் வைத்த லீவரை 1940களின் கடைசியில் கடைகளுக்குக் கொண்டுவந்தார். கோப்பியின் மேல் அந்தப் பொன்னிற நுரை நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1961இல் பம்ப் வைத்த பெரிய இயந்திரங்கள் வந்து கடைகளில் லீவரைப் பின்தள்ளிவிட்டன. ஆனால் அதே ஆண்டிலேயே வீட்டு அடுக்களைக்கான சின்ன லீவர் இயந்திரமும் மிலானிலிருந்து விற்பனைக்கு வந்தது. அந்த வகைகளுக்குத்தான் இன்றைக்கும் இவ்வளவு தேடல்.

வாங்கியது

முதலில் வந்தது ரொறொன்ரோவிலிருந்து ஒரு சந்தர்ப்பம். மச்சான் ஒருவர் பழைய சாமான் விற்பனையில் ஒன்றைக் கண்டு படம் அனுப்பினார். பளபளவென்று இருந்தது. அடித்தட்டில் இருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 110 வோல்ற், 1000 வாற். இதை இங்கே 230 வோல்ற்றில் செருகினால் ஹீட்டர் நாலு மடங்குக்கும் மேல், அதாவது 4300 வாற்றுக்கும் கூட இழுக்கும். ஒரு கோப்பி வடிய முதல் எரிந்துபோகும். மின்மாற்றி வைக்கலாம்தான். ஆனால் 1000 வாற் தாங்கும் மின்மாற்றி, இயந்திரத்தைவிடப் பாரமாக அடுக்களை மேசையில் குந்தியிருக்கும். வேண்டாம் என்று விட்டோம். அமெரிக்கா, கனடாவிலிருந்து எடுக்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் பார்க்கவேண்டியது இந்தத் தகடுதான்.

பிறகு அக்கா சுவிற்சர்லாந்திலேயே ஒன்று கண்டுபிடித்தார். இத்தாலியில் செய்தது, பழைய வகை. ஹீட்டருக்கு இரண்டு நிலை மட்டும்: 1இல் மெல்லிய சூடு, 2இல் முழுச் சூடு. அழுத்தத்தைப் பார்த்துத் தானாக நிறுத்தும் கருவி இல்லை, அழுத்தமானியும் இல்லை. 2இல் போட்டுக் காத்திருந்தால், அழுத்தம் ஏறியதும் மேலே இருக்கும் வால்வு சீறத் தொடங்கும். அப்போது 1க்கு மாற்றவேண்டும். அந்தச் சீறல் ஒன்றுதான் இயந்திரம் நம்மோடு பேசும் பாஷை. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

வாங்கமுதல் மூன்று விடயம் கேட்கச் சொல்லியிருந்தேன்: அடித்தகட்டின் படம், மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துக் கொதிகலனின் உட்புறப் படம், லீவரைத் தூக்கி இறக்கும் வீடியோ. வீட்டுக்காரர் முதலாவதை மட்டும் கேட்டார். கனடாக் கதை அவரை அதில் மட்டும் பயப்படுத்தியிருந்தது. தகட்டில் 220 வோல்ற் என்று இருந்தது. 230இல் அது ஒன்பது வீதம்போல் கூடுதலாகச் சூடாகும், பரவாயில்லை. "வேலை செய்கிறதா?" என்றதற்கு விற்றவர் "சூடாகிறது" என்று பதில் எழுதியிருந்தார். பொய் இல்லை. அதற்கு மேல் ஒன்றும் அந்தப் பதிலில் இல்லை என்பதை நாங்கள்தான் கவனிக்கவில்லை.

2023 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அக்கா, சேலைகளுக்கு நடுவில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் தப்பியது. லீவரின் பேக்கலைற் கைபிடி இரண்டாக வெடித்திருந்தது.

பிரித்தபோது கண்டது

அன்றைக்கே தண்ணீர் விட்டுப் போட்டுப் பார்க்க வீட்டுக்காரருக்குத் துடிப்பு. நான் விடவில்லை. அறுபது வருசத்துக்குக் கிட்டிய வயருக்கு முதலில் மெகர் பிடிக்கவேண்டும், மின் ஒழுக்கு உண்டா என்று காட்டும் கருவி அது. பிடித்தேன்: ஹீட்டருக்கும் உடம்புக்கும் இடையில் 0.3 மெகா ஓம். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் நான் எந்தச் சாமானையும் செருகுவதில்லை. அதைவிடக் கவலையான ஒன்று, யாரோ ஒருவர் முன்னொரு காலத்தில் எர்த் வயரை வெட்டிவிட்டிருந்தார். இரண்டு கால் பிளக்குக்கு மாற்றும்போது செய்திருக்கவேண்டும். அதாவது ஒழுக்கு மின்சாரம் வந்தால், கைக்கும் அதற்கும் நடுவில் ஒன்றுமில்லை.

உள் வயர்களின் உறை தொட்டாலே உதிர்ந்தது. ஓரிடத்தில் நார் போன்ற ஒரு சாம்பல் நிற வாசர் இருந்தது. அந்தக் காலத்துச் சாமானில் அது அஸ்பெஸ்ரசாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, சுரண்டாமல் எடுத்துப் பையில் கட்டினோம். அது உண்மையில் என்ன என்று பார்க்க வசதி இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

கொதிகலனின் உள்ளே முட்டைக்கோது அளவில் ஒரு மெல்லிய வெள்ளைப் படை. பிஸ்ரன் வாசர்கள் இரண்டும் வெயிலில் கிடந்த சைக்கிள் ரயர் மாதிரி இறுகி வெடித்திருந்தன. மேல் வால்வை விரலால் அழுத்தினேன், சுருள்வில் உள்ளே போய் வந்தது. "வால்வு நல்லம்" என்று கொப்பியில் எழுதினேன். கழற்றிப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரிக்கு நான்தான் பொறுப்பு.

முதல் திருத்தம்

ஹீட்டரைத்தான் முதலில் எடுத்தோம். இந்த வகை ஹீட்டரின் குழாய்க்குள் இருக்கும் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வருசக்கணக்கில் சும்மா கிடந்ததுக்கு 0.3 என்பது செத்துப்போன கணக்கு அல்ல. கழற்றி, கேக் போடும் அவணில் 110 பாகையில் மூன்று மணித்தியாலம் வைத்து எடுத்தேன். ஆறியபின் 20 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. புது ஹீட்டர் வாங்கும் செலவு மிச்சம். வயர் முழுக்கப் புதிதாக, சூடு தாங்கும் சிலிக்கன் உறை போட்டது. மூன்று கால் பிளக். எர்த்தை அடித்தட்டில் தனி நட்டில் இறுக்கினேன். வீட்டின் எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிச்சையும் அதே நாளில் சோதித்தேன். இயந்திரத்துக்கு எர்த் இருந்து வீட்டுக்கு இல்லாவிட்டால் என்ன பலன்?

அடித்தட்டோடு கொதிகலனைப் பிடித்திருந்த பெரிய வளைய நட்டு அசையவில்லை. ஐயா ஒரு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, அதற்கென்றே ஒரு சாவி வெட்டி, மெல்லச் சூடுகாட்டிக் கழற்றினார். சுத்தியல் எடுத்திருந்தால் மெல்லிய பித்தளை நெளிந்திருக்கும். உடைந்த கைபிடிக்கு வீட்டுக்காரர் பனை வைரம் கேட்டார், யாழ்ப்பாணத்து அடையாளம் என்று. ஐயா மறுத்துவிட்டார். பனை சிலாம்பு போகும், தினம் உள்ளங்கையால் அழுத்தும் இடத்துக்குச் சரிவராது என்று முதிரையில் கடைந்து கொடுத்தார். வடிவாகத்தான் இருக்கிறது.

குரோம் பூச்சு மூன்று இடத்தில் உரிந்திருந்தது. மோட்டார் சைக்கிள் சாமானுக்குப் பூச்சுப் போடும் இடத்தில் கொடுப்போமா என்று கேட்டார். அதற்குப் பழைய பூச்சை அமிலத்தில் கழுவ வேண்டும், புரிகளும் துவாரங்களும் தேயும், உள்ளே என்ன போய்த் தங்கும் என்றும் தெரியாது. வெளி அழகுக்காகக் குடிக்கும் பாத்திரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று தீர்மானித்தோம். உரிந்த இடம் இன்றைக்கும் உரிந்தபடியேதான்.

வாசர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு முழுச் செற் பணம் கட்டி மூன்று கிழமை காத்திருந்தோம். அதற்கிடையில் ஐயா பம்புக்கு வெட்டுவதுபோல் தோலில் வெட்டித் தருகிறேன் என்று நின்றார். கொதிகலனின் உள்ளே 115 பாகை வரும், தோல் நிற்காது. ரயர் ரியூப்பில் வெட்டுவதும் அப்படித்தான். சூட்டில் அதன் வாசமும் சாயமும் கோப்பிக்குள் இறங்கும். பூசுவதற்கு வசிலின் எடுத்தார் வீட்டுக்காரர். அதையும் தடுத்தேன். பெற்றோலிய எண்ணெய் பட்டால் சில ரப்பர்கள் ஊதிப்போகும். உணவுக்குப் பாவிக்கும் சிலிக்கன் கிறீஸ்தான் வேண்டும்.

செற் வந்தது. பூட்டினோம். சூடாக்கினால், லீவர் கீழே கிடக்கும்போதே தலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வெந்நீர். புது வாசரும் பழுதோ என்று வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு முறை கழற்றிப் பூட்டியும் அதேதான். பிஸ்ரனில் இரண்டு வாசர் இருக்கின்றன, இரண்டுக்கும் கிண்ணம் போல ஒரு பக்கம் வாய் உண்டு. ஐயா சைக்கிள் பம்ப் முறையில் இரண்டையும் வாய் கீழே பார்க்கப் போட்டிருந்தார். சைக்கிள் பம்பில் அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்துதான். இங்கே அழுத்தும்போது கீழிருந்து அழுத்தம். லீவர் கீழே ஓய்ந்திருக்கும்போது கொதிகலனின் நீர் பிஸ்ரனுக்கு மேலே வந்து நின்று கீழே தள்ளுகிறது. ஆகவே கீழ் வாசரின் வாய் கீழே, மேல் வாசரின் வாய் மேலே. ஐயாவிடம் தாளில் படம் கீறிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாசருக்கு எப்பவும் தண்ணி வாற பக்கம் வாய் இருக்க வேணும் தம்பி. நான் ஒரு பக்கத்தைத்தான் யோசிச்சனான்" என்றார். மேல் வாசரைத் திருப்பிப் போட்டதும் சொட்டு நின்றது.

இன்னொரு பழக்கமும் அந்த வாரத்தில் வந்தது. குளிர்ந்த இயந்திரத்தைச் சூடாக்கும்போது உள்ளே அடைபட்ட காற்றும் விரிந்து, அழுத்தம் வந்துவிட்டதுபோல் காட்டும். பாலைச் சூடாக்க வைத்திருக்கும் நீராவிக் குழாயை ஒருமுறை திறந்து அந்தக் காற்றை வெளியேவிட்டு மூடவேண்டும். செய்யாவிட்டால் முதல் கோப்பி பச்சைத் தண்ணீராகப் புளிக்கும்.

நான்கு மாதம்

கார்த்திகை நடுப்பகுதியில் நல்ல கோப்பி வரத் தொடங்கியது. மலைநாட்டு அராபிக்கா, கையால் அரைக்கும் மில், 14 கிராம் தூள், 30 கிராம் அளவு வடிப்பு. முதல் பத்து நாள் தூள் தடிப்பாக இருந்து தண்ணீர் ஓடி விழுந்தது. மில்லை இறுக்க இறுக்கச் சரியானது.

வீட்டுக்காரரின் அம்மாவுக்கு இதில் ஒரு மனக்குறை. மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த தன் கோப்பித்தூள்தான் கோப்பி, இது மருந்து என்பது அவர் கட்சி. ஒரு நாள் மகன் இல்லாத நேரம் அந்தத் தூளையே போட்டு லீவரை அழுத்தியிருக்கிறார். மா மாதிரி இருந்த தூள் அடைத்துக்கொண்டது, லீவர் இறங்கவில்லை. சரி வேண்டாம் என்று, தலைப்பகுதியின் கீழே தூளைப் போட்டுப் பூட்டும் கைபிடியைத் திருகிக் கழற்ற, உள்ளே நின்ற அழுத்தம் தூளையும் வெந்நீரையும் சுவர் வரைக்கும் தெறித்துவிட்டது. சேலைத் தலைப்பில் பட்டதோடு போயிற்று. லீவர் இறங்காவிட்டால் கைபிடியைக் கழற்றக்கூடாது, லீவரையும் விட்டுவிட்டு எழும்பக்கூடாது; அழுத்தம் தானாக வடிந்து போகும்வரை பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். அதை அவருக்கு நாங்கள் முதலே சொல்லவில்லை.

மற்றபடி நாளுக்கு நாலு கோப்பி, பாலுக்கு நீராவி. தண்ணீர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். இறங்கியதும் மேலே விட்டு நிரப்பிக்கொள்வார், மிச்சத்தை ஊற்றிக் கழுவும் பழக்கம் இல்லை. தண்ணீரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தேத்தண்ணிக் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை படிவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். பார்த்துப் பார்த்தே அது கண்ணில் படாமல் போய்விட்டது.

மாசியில் வீட்டுக்காரர் ஒரு நல்ல சேதி சொன்னார்: "இப்ப முந்தி மாதிரிச் சீறுறேல்லை அண்ணை. நல்லா அடங்கீட்டுது." நானும் தலையாட்டினேன்.

2024 பங்குனியில் ஒரு ஞாயிறு காலை

ஏழு மணிபோல் போனேன். சுவிச் 2இல். கதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில், போட்டு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இருபது நிமிசத்துக்குக் கிட்ட என்றார். வழக்கமாகப் பத்துக்குள் சீறிவிடும் இயந்திரம். சத்தமே இல்லை. தலைப்பகுதி சேரும் இடத்தில் ஒரு மயிரிழை நீராவி மட்டும் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் லீவரைத் தூக்கப் போனார். கையைப் பிடித்தேன்.

சுவரிலேயே சுவிச்சை நிறுத்தினேன். அம்மாவையும் பிள்ளையையும் முற்றத்துக்கு அனுப்பினோம். இங்கே செய்யத் தோன்றும் பிழை ஒன்று உண்டு: மேல் மூடியைத் திருகி "காற்றை விடுவது". அழுத்தத்தில் இருக்கும் கொதிகலனின் மூடியைத் திறந்தால் 100 பாகையைத் தாண்டிய நீர் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்குப் பாயும். மூடியைத் தொடவில்லை. பத்து நிமிசம் ஆறவிட்டு, தடித்த துவாயைச் சுற்றிய கையால், பக்கத்தில் நின்று நீராவிக் குழாயை ஒரு நூலளவு திறந்தேன். வந்த வேகத்தைக் காதால் கேட்டவர்களுக்கு இனி விளக்கம் வேண்டாம். அழுத்தமானி இல்லாததால் எவ்வளவு ஏறியிருந்தது என்று எண் தர என்னிடம் இல்லை. பின்னேரம் வரை அப்படியே விட்டோம்.

இரண்டாம் முறை பிரித்தபோது

வால்வின் குண்டு அதன் இருக்கையோடு சுண்ணாம்பால் ஒட்டியிருந்தது. வில்லை எடுத்த பிறகும் குண்டு விழவில்லை. தீக்குச்சியால் கீழிருந்து தள்ள வேண்டியிருந்தது. "அடங்கிப்போனது" அதுதான். நான் போன வருசம் விரலால் அழுத்திப் பார்த்தது வில்லை மட்டும்.

ஹீட்டரின் மேல் இரண்டு ரூபாய்க் குற்றி தடிப்பில் வெள்ளைக்கல். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் கீழ்த் துவாரம் பாதி அடைபட்டிருந்தது. அதாவது கண்ணாடியில் தெரிந்த மட்டமும் நம்பக்கூடியது அல்ல. தண்ணீர் இருக்கிறது என்று நினைத்து வெறும் கொதிகலனைச் சூடாக்கி ஹீட்டரை எரிக்கவும் அது வழி வைத்திருந்தது.

சுவிற்சர்லாந்திலே எத்தனையோ வருசம் பாவித்து வந்த படை முட்டைக்கோதளவு. கோண்டாவிலில் நான்கு மாதத்தில் இது. ஏன் என்பதற்கு நாங்கள் நிற்கும் நிலமே விடை. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வருசம் முழுக்க ஓடும் ஆறு இங்கே இல்லை. மழை அந்தக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. வரும் வழியில் கல்லைக் கரைத்து இருகாபனேற்றாகக் கொண்டுவருகிறது. சூடாக்கினால் காபனீரொட்சைட்டு பறந்து, கரைந்த கல் திரும்பக் கல்லாகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த நல்ல தண்ணீருக்குள்ளும் கல் இருக்கிறது என்பது கோப்பி இயந்திரம் வரும்வரை எங்களுக்குத் தொந்தரவாக இருக்கவில்லை.

மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சோதனைத் துளிகளை வாங்கி அளந்தேன். காபனேற்றுக் கடினத்தன்மை 17 பாகை (இது சூட்டின் பாகை அல்ல, கடினத்தன்மையின் அளவு). லீற்றருக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமன். கோப்பி, நீராவி, கழுவல் எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லீற்றர் என்றால், 120 நாளில் 18 கிராம் கல் அந்தச் சின்னக் கொதிகலனுக்குள் போயிருக்கிறது. எல்லாமே படியாது. ஆனால் நீராவியாகப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பும் கல்லும் பின்னால் தங்கிவிடும். அதற்கு மேல் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே நிற்பது நாளுக்கு நாள் இறுகும் குழம்புதான்.

கழுவுவதற்கு ஐயா புளி என்றார். குத்துவிளக்குத் துலக்குவதில் அவர் சொல்வது சரி, புளி பித்தளையின் கறுப்பை எடுக்கும். ஆனால் புளியின் அமிலம் கல்சியத்தோடு சேர்ந்தால் உண்டாவது தண்ணீரில் லேசில் கரையாத இன்னொரு உப்பு. ஒரு படையை எடுத்து இன்னொன்றை வைத்ததாகும். சிற்றிக் அமிலம் எடுத்தோம், லீற்றருக்கு 50 கிராம், கைச்சூட்டுத் தண்ணீரில். கொதிக்கவைத்தால் அதுவும் கல்சியத்தோடு சேர்ந்து படியும் என்பதால் சூடு கூட்டவில்லை. அரை மணித்தியாலம் வைத்து ஊற்றுவது, புதிதாக விடுவது, மூன்று முறை. வீட்டுக்காரர் ஒரு இரவு ஊறட்டும் என்றார். விடவில்லை. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் பித்தளையிலிருந்து நாகம் கழன்று செப்பு மட்டும் பஞ்சு போல நிற்கும். மூன்றாம் முறை முடிவில் அடியில் ஒரு ரோசா நிறத் திட்டுத் தெரிந்தது. அதற்கு மேல் மிச்சமிருந்த கல்லை அப்படியே விட்டு நிறுத்தினோம். அப்பச்சோடாக் கரைசலால் ஒருமுறை, பிறகு தண்ணீரால் பலமுறை அலசினோம்.

தண்ணீர் பற்றிய தீர்மானம்

மழைத்தண்ணீர் நல்ல யோசனைதான். ஆனால் அந்த வீட்டுக் கூரை அஸ்பெஸ்ரஸ் சீற், விட்டுவிட்டோம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் கல்லில் ஒரு பகுதி குறையும், குளோரைட்டு உப்பு அப்படியே நிற்கும். தினம் செய்ய ஆளும் இல்லை. கடைசியில் ஆர்ஓ முறையில், அதாவது சவ்வினூடாக உப்பை நீக்கி, வடித்து விற்கும் போத்தல் தண்ணீரை எடுத்தோம். தனியே பாவிக்கவில்லை. உப்பே இல்லாத தண்ணீர் உலோகத்தை மெல்ல அரிக்கும், கோப்பியும் சப்பென்று இருக்கும். ஏழு பங்கு போத்தல் தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர். அப்போது லீற்றருக்கு 40 மில்லிகிராம் அளவில் நிற்கிறது, துளிகளால் அளந்தே கலந்தோம்.

அதோடு ஒவ்வொரு நாளும் ஆறியபின் மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுவது. இரவு முழுக்கப் பித்தளையில் நின்ற தண்ணீரைக் குடிக்காமல் விடுவதற்கும் இது நல்லது. பழைய பித்தளையில் கொஞ்சம் ஈயம் கலந்திருப்பது வழக்கம். வால்வுக்குப் புதுக் குண்டும் வில்லும். கண்ணாடிக் குழாயின் மேல் முனையில் ஒரு சிறிய அழுத்தமானி, ஐயா புரி வெட்டிக் கொடுத்த இணைப்போடு. முதல் தடவையே போட்டிருக்கலாம். "பிறகு பார்ப்பம்" என்று சொன்னது நான்.

அதற்குப் பிறகு

ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தோம். ஹீட்டரில் விரலால் துடைத்தால் போகும் ஒரு வெள்ளைத் தூசு மட்டும். வால்வுக் குண்டு கையில் விழுந்தது. முள் 0.8 பாரைத் தொடும்போது சீறுகிறது. சீறாவிட்டால் சுவிச்சை நிறுத்துவது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா இயந்திரத்தைத் தொடுவதில்லை, ஆனால் சீறல் கேட்கிறதா என்று முதலில் கேட்பது அவர்தான்.

தீராதது ஒன்று உண்டு. மூன்றாவது கோப்பிக்குப் பிறகு தலைப்பகுதி அளவுக்கு மேல் சூடாகிக் கோப்பி கருகிக் கசக்கிறது. ஈரத்துணி சுற்றி ஆற்றலாம், அவ்வளவுதான். ஐந்தாறு பேர் வந்தால் அம்மாவின் மல்லிக் கோப்பிக்கே போகிறார்கள். இது அந்த வடிவமைப்பின் குணம், பழுது அல்ல.

இன்னொரு முறை செய்வதென்றால் முதல் நாளே தண்ணீரை அளப்பேன், இயந்திரம் வந்துசேர முதலே. அழுத்தமானி இல்லாமல் ஒரு கோப்பியும் வடிக்கவிடமாட்டேன். வால்வைக் கழற்றிக் குண்டைக் கையில் எடுக்காமல் "நல்லம்" என்று எழுதமாட்டேன். வாசர் செற்றை இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கியிருந்தால் மூன்று கிழமை மிச்சம். அது சின்ன விடயம். வீட்டில் யார் யார் அதைத் தொடுவார்கள் என்று கேட்டு, அவர்கள் எல்லாரையும் இருத்திவைத்துக் காட்டியிருப்பேன்; அது சின்ன விடயம் அல்ல.

போன மாதம் வீட்டுக்காரர் இன்னொன்று பார்த்திருக்கிறார், இது சுருள்வில் வகை. இந்த முறை எனக்கு அனுப்பிய முதல் படம் அடித்தகடு. இரண்டாவது, ரோர்ச் அடித்த கொதிகலனின் உட்புறம். பளபளக்கும் முன்பக்கத்தைக் காண நான்தான் கேட்கவேண்டியிருந்தது.